எத்தனை படி தண்ணீர்?

அடையாற்றில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் நின்றுபோயிற்று. வரதட்சிணைத் தகராறு இல்லை. ஜாதகம் பார்க்கும் வழக்கமே அந்தக் குடும்பத்தில் கிடையாது. பெண்ணுக்குப் பிள்ளையைப் பிடித்திருந்தது. பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. சம்பந்திகள் ஒருவர் வீட்டுக் காப்பியை மற்றவர் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இத்தனை இருந்தும் கல்யாணம் நின்றது. தண்ணீரால் நின்றது.

மழை வெள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது எங்கள் பேட்டையில் எத்தனையோ காரியங்கள் நின்றன. நான் சொல்லும் தண்ணீர் அவ்வளவு பெரிதல்ல. பெண் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது அவள் நெற்றியில் விழுந்த மூன்று துளி ஒன்று. இருபத்து நான்காம் வயதில், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், பெசன்ட் நகர்க் கடலில் அவள் தலைக்கு மேல் மூடித் திறந்த ஓர் அலை மற்றொன்று. இந்த மூன்று துளிக்கும் ஓர் அலைக்கும் நடுவில் ஒரு கல்யாணம் மூழ்கிப்போயிற்று.

பெண்ணின் தகப்பனார் என் நண்பர். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்விகம் பாளையங்கோட்டை. நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். நாங்கள் இருவரும் தினந்தோறும் காலையில் கடற்கரை வரை நடந்து போய் வருகிறவர்கள். மகள் ஒரு சிநேகிதியோடு மாடியில் கூடும் ஒரு புதிய சபைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்கு ஏதோ ஒன்று கிடைத்தது. என்ன கிடைத்தது என்று அளந்து பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு நாள் கடலில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு, ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா, நீங்க எனக்குக் கொடுத்ததை நான் தூக்கிப் போடல. இப்ப நானே கையை நீட்டி வாங்கிக்கிட்டேன், அவ்வளவுதான்" என்றாளாம்.

நண்பருக்கு மனம் கஷ்டப்பட்டது. ஆனாலும் பொறுத்துக்கொண்டார். பொறுக்காதவர்கள் அவருடைய பழைய சபையின் சேகரக் கமிட்டியார். மறு ஞானஸ்நானம் பெற்றது குற்றம் என்று சொல்லிப் பெண்ணின் பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். கல்யாண ஓலை வாசிக்க வேண்டுமானால், கடலில் இறங்கியது தவறு என்று அவள் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவள் மறுத்துவிட்டாள். சரி, புதிய சபையிலேயே நடத்துவோம் என்று அங்கே போனால், அங்கிருந்த பாஸ்டர் வேறொரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளைக்குக் குழந்தையில் தெளித்ததுதான் உண்டு. அது ஞானஸ்நானமே அல்ல. அவன் முதலில் தண்ணீரில் இறங்கட்டும், பிறகு மணவறையைப் பற்றிப் பேசலாம் என்றார்.

மாப்பிள்ளைப் பையன் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. "என் மனசு எப்போ சொல்லுதோ அப்போ இறங்குறேன். மாப்பிள்ளை ஆகிறதுக்காக இறங்க மாட்டேன்" என்றான்.

குறித்த தேதி கடந்துபோயிற்று. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணமும் போயிற்று. மறுநாள் காலையில் நடக்கும்போது என் நண்பர், "சார், நீங்க கதை எழுதுறவங்க. இதுல யார் வில்லன்னு எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சில மாதங்கள் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். இந்தக் கட்டுரைதான் பதில்.

"கிறிஸ்தவர்கள் வீட்டுச் சண்டையில் உமக்கென்ன வேலை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒரு வேலையும் இல்லைதான். ஆனால் சண்டை சபைக்குள் இருக்கும் வரையில்தான் அது அவர்கள் வீட்டுச் சண்டை. ஒரு பெண்ணின் கல்யாணத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால் அது தெருவின் சண்டை. அன்றியும், இதைப் படித்து நகைக்கலாம் என்று நினைக்கும் மயிலாப்பூர் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்தில் யார் முன்னால் நின்று பிரபந்தம் சொல்வது என்று வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுப் படி ஏறியவர்கள். ஒரே பெருமாள், ஒரே பிரசாதம், இரண்டு வக்கீல்! ஆகையால் யாரும் யாரையும் பார்த்து நகைக்க வேண்டாம். வழக்கை மட்டும் கவனிப்போம்.

வழக்கு இதுதான். ஒரு கட்சியார், பெற்றோரின் விசுவாசத்தை ஆதாரமாகக் கொண்டு குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். கத்தோலிக்கர், ஆங்கிலிகன் சபையார், லுத்தரன்கள், மெத்தடிஸ்டுகள் எல்லோரும் இந்தக் கட்சி. மற்றொரு கட்சியார், தானே நம்பி, தானே வாயால் அறிக்கையிடக்கூடியவனுக்குத்தான் ஞானஸ்நானம், அதுவும் முழுக்காட்டித்தான் என்கிறார்கள். பாப்டிஸ்டுகள் இந்தக் கட்சியின் மூத்த பிள்ளைகள். சகோதர சபையார், பெந்தெகொஸ்தேயினர், 1941-இல் சென்னையில் யெகோவா ஷம்மா சபையைத் தொடங்கிய பக்த் சிங்கைப் பின்பற்றியவர்கள் ஆகியோரும் இந்த விஷயத்தில் அதே பக்கம்தான்.

முதலில் தண்ணீரின் அளவைப் பார்த்துவிடுவோம். சண்டையில் அதிகம் அடிபடுவது அதுதான். அதில் சாரம் இருப்பதோ மிகக் குறைவு.

கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குத் தோய்ப்பது, அமிழ்த்துவது என்பதே இயல்பான பொருள். இதை எதிர்க்கட்சிப் பண்டிதர்களும் பெரும்பாலும் மறுப்பதில்லை. வங்காளத்தில் பாப்டிஸ்டு மிஷனரிகள் வேதத்தை மொழிபெயர்த்தபோது அந்தச் சொல்லை முழுக்கு என்றே பெயர்த்தார்கள். பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் அத்தகைய மொழிபெயர்ப்புக்குப் பணம் தர முடியாது என்று கையை விரித்தது. அமெரிக்காவிலும் இதே சண்டை. விளைவாக அமெரிக்க பாப்டிஸ்டுகள் 1836-லும் இங்கிலாந்து பாப்டிஸ்டுகள் 1840-லும் தனித்தனியே வேதாகமச் சங்கங்கள் கண்டார்கள். ஒரு வினைச்சொல்லுக்காக இரண்டு கண்டங்களில் இரண்டு புதிய சங்கங்கள்! தமிழ்ப் புலவர்கள் கூட இவ்வளவு தூரம் போனதில்லை.

தமிழில் இந்த வேடிக்கை வேறு விதமாக நடந்தது. இங்கே எல்லாக் கட்சிக்கும் 'ஞானஸ்நானம்' என்ற ஒரே சொல் கிடைத்துவிட்டது. ஸ்நானம் என்றால் மூன்று துளி என்று எந்தத் தமிழனும் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆகவே 'தெளிப்பு ஞானஸ்நானம்', 'முழுக்கு ஞானஸ்நானம்' என்று அடைமொழி போட்டுச் சமாளித்தார்கள். கத்தோலிக்கர்கள் பிற்காலத்தில் நல்ல தமிழில் 'திருமுழுக்கு' என்று பெயர் வைத்தார்கள். பெயர் முழுக்கு, குழந்தையின் தலையில் நடப்பது ஊற்று! மொழி இரண்டு கட்சியையும் பார்த்துக் கண் சிமிட்டுகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். ஆற்றில் முழுகுவதும் ஸ்நானம்தான். ஜுரத்தில் கிடப்பவர் மேல் மந்திரம் சொல்லித் தெளிப்பதும் மந்திர ஸ்நானம்தான். விபூதி பூசிக்கொள்வது கூட ஒரு ஸ்நானம்தான். கிறிஸ்தவர்களிடமும் இந்தத் தாராளம் ஆதியிலேயே இருந்திருக்கிறது. 'டிடாக்கே' என்று ஒரு பழைய கைந்நூல், மிகத் தொன்மையான சபை எழுத்துகளில் ஒன்று, 1883-இல் அச்சேறியது. ஓடுகிற தண்ணீரில் கொடுக்கலாம், அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடுக்கலாம், எதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்றலாம் என்பது அதன் யோசனை. கோடையில் சென்னைக் குழாயைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த ஆசிரியரின் பொது அறிவு உடனே விளங்கும்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. பாப்டிஸ்டு சபைகளின் ஆதி புருஷர்களில் ஒருவரான ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் முழுகவே இல்லை! இங்கிலாந்தின் அரசாங்கச் சபைக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடிப்போன அவர், 1609-இல் தம் தலையில் தாமே தண்ணீரை ஊற்றிக்கொண்டார். பிறகு தம் தோழர்களுக்கும் ஊற்றினார். இங்கிலாந்து பாப்டிஸ்டுகள் முழுக்கைக் கண்டிப்பான முறையாக்கியது அதற்கு முப்பது ஆண்டுக்குப் பின், 1640-களில்தான். மாடிச் சபைப் பாஸ்டரின் சட்டத்தை வைத்துப் பார்த்தால் முதல் பாப்டிஸ்டுக்கே ஞானஸ்நானம் ஆகவில்லை. அவர் கல்யாணத்துக்கு வந்திருந்தால் வாசலில் நிறுத்தியிருப்பார்கள்!

அப்படியானால் அந்த மனிதர்கள் எதற்காக நாட்டை விட்டு ஓடினார்கள்? எதற்காகச் சிறைக்குப் போனார்கள்? தண்ணீரின் அளவுக்காக அல்ல என்பது மேலே கண்டதிலிருந்தே தெரிகிறது. இங்கேதான் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது.

அந்த நாளைய ஐரோப்பாவில் குழந்தை ஞானஸ்நானம் என்பது வெறும் சமயச் சடங்கு அல்ல. ராஜாங்கத்தின் பிரஜைப் பதிவும் அதுதான். ராஜா எந்த மதமோ பிரஜைக்கும் அந்த மதம். பிறந்ததும் பெயர் எழுதிவிட்டார்கள். பிறகு நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. 1525-இல் ஸ்விட்ஸர்லாந்தில் ஸூரிச் நகரத்தில் சில இளைஞர்கள், நாங்கள் நம்பி ஏற்றுக்கொள்வதுதான் ஞானஸ்நானம் என்று ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். நகரசபை என்ன செய்தது தெரியுமா? அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கைகால் கட்டி, 1527 ஜனவரியில் லிம்மத் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. தண்டித்தவர்கள் கத்தோலிக்கர்கள் அல்ல. ரோமாபுரியை எதிர்த்துச் சீர்திருத்தம் செய்த புராட்டஸ்டண்டுகள். நேற்று வரை சுதந்திரம் கேட்டவன், இன்று கொஞ்சம் அதிகாரம் கிடைத்ததும் அடுத்தவனை ஆற்றில் தள்ளுகிறான். இது மதத்துக்கு மட்டும் உரிய வியாதியும் அல்ல.

ஜான் ஸ்மித்தோடு கருத்து வேறுபட்டுப் பிரிந்தவர் தாமஸ் ஹெல்விஸ். ஆம், அந்தச் சபை பிறந்த சூட்டோடு பிளந்தும்விட்டது! ஹெல்விஸ் தைரியமாக இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து, 1612-இல் லண்டனில் சபை கூட்டினார். ஒரு புத்தகமும் போட்டார். மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ள சமாசாரத்தில் ராஜாவுக்கு அதிகாரம் இல்லை. துருக்கரானாலும் யூதரானாலும் பாஷண்டிகள் ஆனாலும் மத விஷயத்துக்காக அரசாங்கம் அவர்களைத் தண்டிக்கலாகாது என்பது அதன் சாரம். ஒரு பிரதியில் தம் கையாலேயே ஜேம்ஸ் மன்னருக்குக் குறிப்பு எழுதி, தாங்களும் சாகப் பிறந்த மனிதர்தாம், கடவுள் அல்லர் என்று நினைவூட்டினார். மன்னர் அவரை நியூகேட் சிறைக்கு அனுப்பினார். 1616-க்குள் ஹெல்விஸ் இறந்துபோனார்.

துருக்கனுக்கும் யூதனுக்கும் சேர்த்துச் சுதந்திரம் கேட்டாரே, அதைக் கவனியுங்கள். தன் கட்சிக்கு மட்டும் சுதந்திரம் கேட்பவன் வியாபாரி. எதிராளிக்கும் சேர்த்துக் கேட்பவன்தான் கொள்கைக்காரன். பாப்டிஸ்டு மரபின் வேர் அதுதான்: விசுவாசத்தைக் கட்டாயத்தால் உண்டாக்க முடியாது. பிறப்பும் கட்டாயம் செய்யக்கூடாது; ராஜாவும் செய்யக்கூடாது. கல்யாணம் செய்யலாமா? மாடிச் சபைப் பாஸ்டர் பதில் சொல்லட்டும்.

இந்த வேர் நம் மண்ணிலும் பிடித்தது. அடோனிராம் ஜட்ஸன் என்ற அமெரிக்க வாலிபர், குழந்தை ஞானஸ்நானத்தை ஒப்பும் சபையாரின் பணத்தில், 1812 பிப்ரவரியில் சேலத்திலிருந்து கப்பலேறினார். நம் சேலம் அல்ல, மாசச்சூசெட்ஸ் சேலம். கல்கத்தாப் பக்கத்தில் ஸ்ரீராம்பூரில் கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூன்று பாப்டிஸ்டுகள் இருக்கிறார்களே, அவர்களோடு வாதாட வேண்டியிருக்குமே என்று கப்பலிலேயே ஆராய்ச்சியைத் தொடங்கினார். வந்தது வினை! ஆராய ஆராய எதிர்க்கட்சிதான் சரி என்று தோன்றிவிட்டது. அவர் மனைவி ஆன் தொடக்கத்தில் இணங்கவில்லை. பிறகு தாமே படித்துப் பார்த்து அதே முடிவுக்கு வந்தார். 1812 செப்டம்பர் 6-ஆம் தேதி கல்கத்தாவில் வார்டு இருவருக்கும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஜட்ஸன் தம்மை அனுப்பியவர்களுக்கு உண்மையை எழுதினார். வந்துகொண்டிருந்த பணத்தை விட்டார். மறு வருஷம் ஜூனில் நம் சென்னைக்கு வந்து, இங்கிருந்தே பர்மாவுக்குக் கப்பலேறினார்கள். கொள்கை மாறிய செலவை அவரே கட்டினார். தம்மோடு வந்த மற்ற மிஷனரிகளில் சிலர் பழைய கொள்கையிலேயே நின்று பம்பாய்க்குப் போய் ஊழியம் செய்தார்கள். நீங்களும் முழுகினால்தான் ஆயிற்று என்று அவர்கள் கழுத்தை யாரும் பிடிக்கவில்லை.

இன்னும் ஒரு சரித்திரம். இதற்கு அதிக தூரம் போக வேண்டாம். எங்கள் அடையாற்றுக்குப் பக்கத்தில் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கரைக்கு வாருங்கள். இன்று அதன் மேல் பறக்கும் ரயில் ஓடுகிறது. கீழே ஓடுவதைத் தண்ணீர் என்று சொல்ல மனம் கூசுகிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தத் துண்டு, 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. எலும்பும் தோலுமான மனிதர்கள் ஒரு வேளைக் கஞ்சிக்காக மண் சுமந்த கால்வாய் அது. அதே பஞ்சத்தில், அதே கால்வாயின் வடபகுதியில், ஓங்கோல் பக்கத்தில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை ஜான் கிளாவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரி எடுத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான ஏழைகள், பெரும்பாலும் மாதிகர்கள், அவரிடம் கூலிக்கு வந்தார்கள். மாலையில் அவருடைய உபதேசிமார் பேசுவதைக் கேட்டார்கள். கூட்டம் கூட்டமாக வந்து, எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்றார்கள்.

கிளாவ் கொடுக்கவில்லை! மிஷனரிக்கு ஞானஸ்நானக் கணக்குதான் பரீட்சை மார்க்கு. ஆனாலும் பதினைந்து மாதம் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஏன்? கஞ்சி தருகிற கை என்னுடையதாக இருக்கும் வரை, வருகிறவன் கடவுளைத் தேடி வருகிறானா, கஞ்சியைத் தேடி வருகிறானா என்று அவனுக்கே தெரியாது. நிவாரணப் பணம் நிற்கட்டும், பிறகு பார்ப்போம் என்பது அவர் எண்ணம். பணம் நின்றது. இனி உங்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று சொன்ன பின்னும் ஜனங்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3-ஆம் தேதி, வெல்லம்பள்ளியில், குண்டலகம்மா ஆற்றில், ஆறு போதகர்கள் இருவர் இருவராக முறை போட்டுக்கொண்டு ஒரே நாளில் 2,222 பேருக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்த ஜனங்களின் மனத்தில் ஜாதிக் கொடுமையிலிருந்து தப்பும் ஆசை எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று சரித்திரக்காரர்கள் வாதாடிக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது அந்தப் பதினைந்து மாதம்.

பசித்தவனுக்குக் கஞ்சியைக் காட்டி ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது என்று ஒரு பாப்டிஸ்டு தம் வெற்றியையே தள்ளிப்போட்டார். காதலித்தவனுக்குக் கல்யாணத்தைக் காட்டி ஞானஸ்நானம் கொடுக்கப் பார்க்கிறார் இன்னொருவர். இரண்டும் முழுக்குத்தான், ஆனால் அதற்கும் இதற்கும் குண்டலகம்மாவுக்கும் இன்றைய பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

இதனால் பாப்டிஸ்டுகள் எல்லோரும் புனிதர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மனச்சாட்சியின் சுதந்திரத்துக்காகப் பிறந்த அந்தச் சபையார்தாம் அமெரிக்காவில் 1845-இல் இரண்டாகப் பிளந்தார்கள். எதற்காக? அடிமை வைத்திருப்பவன் மிஷனரியாகப் போகலாமா என்ற கேள்விக்காக. போகலாம் என்ற தென்பகுதியார் தனி மகாசபை கண்டார்கள். அது தவறு என்று அந்த மகாசபை மன்னிப்புக் கோரியது 1995-இல். நூற்றைம்பது வருஷம்! ஆன்மாவுக்கு விடுதலை கேட்டவர்கள் உடம்புக்கு விலங்கு பூட்டினார்கள். ஒரு கொள்கையைக் கைவிட அதன் எதிரிகள் தேவையில்லை. அதன் வாரிசுகளே போதும்.

இனிப் பழைய சபையின் கமிட்டியாரிடம் வருகிறேன். அவர்கள் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம்.

குழந்தை ஞானஸ்நானத்துக்கு ஆதாரமாக அவர்கள் சொல்லும் தத்துவம் மிக அழகானது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். தாய்ப்பாலைக் கேட்டு வாங்கியா குழந்தை குடிக்கிறது? பெயரைத் தேர்ந்தெடுத்தா வைத்துக்கொள்கிறது? நாம் கேட்பதற்கு முன்பே வந்து சேர்வதுதான் அருள். மனிதன் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கடவுள் தேர்ந்தெடுத்துவிடுகிறார். ஆகையால் ஞானஸ்நானம் ஒரே தரம்தான், அது கடவுள் போட்ட முத்திரை, அதை மனிதனால் அழிக்கவும் முடியாது, திரும்பப் போடவும் முடியாது என்கிறார்கள்.

நல்லது. அழிக்க முடியாத முத்திரை என்றால், பதிவேட்டில் சிவப்பு மை எதற்கு? கடவுள் எழுதிய பெயரைக் கமிட்டி எப்படி அடித்தது? கடல் தண்ணீரால் அந்த மூன்று துளி கழுவப்பட்டுப் போயிற்று என்று அவர்களே நம்புகிறார்களா? அப்படி நம்பினால் அவர்கள் தத்துவம் மூன்று துளிக்கு மேல் ஆழமில்லை. நம்பாவிட்டால், அவர்கள் கண்ணில் அந்தப் பெண் இன்னமும் ஞானஸ்நானம் பெற்ற பெண்தான். கடலில் நடந்தது ஒரு பிரார்த்தனையோடு கூடிய குளியல்தான். பிரார்த்தனை செய்து குளித்ததற்காகவா ஓலை வாசிக்க மறுக்கிறார்கள்?

சபை ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். போதகர் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம்; அவள் கேட்டது என்ன, தாங்கள் கொடுக்கத் தவறியது என்ன என்று விசாரித்திருக்கலாம். 1982-இல் பெரு தேசத்து லீமா நகரில் பல சபைகளின் பண்டிதர்கள் கூடி ஒப்புக்கொண்ட அறிக்கையும், மறு ஞானஸ்நானமாகத் தோன்றக்கூடிய காரியத்தைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் அது சபைகள் ஒன்றையொன்று மதிப்பதற்காகச் சொன்ன யோசனை. ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கடிதம் வாங்குவதற்கான படிவம் அல்ல.

இவர்களால் சேர்ந்து வாழ முடியுமா? முடியும் என்பதற்குச் சாட்சி இந்த நாட்டிலேயே இருக்கிறது. 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு முதிர்ந்து, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிகன், மெத்தடிஸ்டு, பிரஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றானார்கள். பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. ஆனால் 1970 நவம்பர் 29-ஆம் தேதி நாகபுரியில் பிறந்த வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். எப்படி? குழந்தை ஞானஸ்நானமும் உண்டு, விசுவாசி ஞானஸ்நானமும் உண்டு, இரண்டும் ஒரே சபைக்குள் ஏற்கத்தக்க மாற்று வழிகள் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். விந்திய மலைக்கு வடக்கே ஒரே கூரையின் கீழ் அடங்குகிற விஷயம், அடையாற்றில் ஒரு கல்யாணப் பந்தலின் கீழ் அடங்காதாம்!

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. ரேனியஸ் என்ற பெரிய மிஷனரி, 1820 முதல் அங்கே ஊர் ஊராகச் சபை வளர்த்தவர், ஆங்கிலிகன் சபையின் ஒழுங்குகளோடு கருத்து வேறுபட்டதால் 1835-இல் மிஷனிலிருந்து விலக்கப்பட்டார். சபைகள் இரண்டாகப் பிரிந்தன. 1838-இல் அவர் காலமான பின் பிரிந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து சேர்ந்தார்கள். என் நண்பருடைய மூதாதையர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று அவருக்கே தெரியாது. பேரன் பேத்திகளுக்குத் தெரியாமல் போகிற சண்டைதான் அது. அதற்காகப் பெற்ற பிள்ளைகளைப் பலி கொடுப்பதா?

நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். வில்லன் தெளிப்பும் அல்ல, முழுக்கும் அல்ல. இரண்டு கொள்கைகளும் நல்லவை. இரண்டு கொள்கைக்காரர்களும் தங்கள் தங்கள் கொள்கைக்கே துரோகம் செய்தார்கள். சுயமாக நம்புவதுதான் ஞானஸ்நானம் என்றவர் கட்டாயப்படுத்தினார். கடவுளின் அருள் அழியாதது என்றவர்கள் அழித்தார்கள். இவர் கல்யாணத்தைத் தூண்டிலாக்கினார். அவர்கள் கல்யாணத்தைச் சாட்டையாக்கினார்கள். முழுக் கதையிலும் ஹெல்விஸின் பேரன் என்று சொல்லத் தகுந்தவன் ஒருவன்தான்: மாப்பிள்ளை ஆவதற்காகத் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்ற அந்தப் பையன். தெளிப்புக் கட்சியில் பிறந்தவன் அவன்!

நண்பரின் தாயாருக்குத் தொண்ணூறு வயது. பேத்தி ஆச்சி என்று கூப்பிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். அந்த அம்மாள் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "எனக்கும் கைப்பிள்ளையில தெளிச்சதுதான். தொண்ணூறு வருஷமா ஜெபம் பண்ணுதேன். அது பொய்னு அந்தப் பாஸ்டர் சொல்லுதாரு. இவ கடல்ல நின்னு கண்ணீர் விட்டிருக்கா. அது பொய்னு இவங்க சொல்லுதாங்க. யாரு கண்ணீரையும் யாரு அளந்தது?"

இதற்கு மேல் ஒரு வேத பண்டிதர் என்ன சொல்லிவிடப் போகிறார்?

இப்போது பிள்ளைகள் இருவரும் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டார்கள். முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. சபை வாசிக்க மறுத்த ஓலையைச் சர்க்கார் தன் சுவரில் ஒட்டியிருக்கிறது. அரசாங்கத்தின் கையிலிருந்து மனச்சாட்சியைக் காப்பாற்றச் சிறைக்குப் போனார் ஹெல்விஸ். இங்கே சபைகளின் கையிலிருந்து காப்பாற்ற அரசாங்கத்திடம் போக வேண்டியிருக்கிறது. காலத்தின் கோலம்!

குருவானவருக்கும் பாஸ்டருக்கும் அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார் என் நண்பர். இருவரும் வந்தால் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே கூஜாவிலிருந்து இருவருக்கும் தண்ணீர் ஊற்றுவதாக உத்தேசமாம். எத்தனை படி என்று கேட்காமல் குடித்துவிட்டுப் போனார்களானால் எனக்குத் திருப்தி.